எந்தக் காகிதத்தைக் கணினியில் ஏற்றினார்கள்?

தாலுக்கா ஆபீசில் நம் ஆட்களுக்குச் சொல்வதற்கென்று காலத்துக்கு ஒரு பதில் இருந்து வந்திருக்கிறது. ஒரு காலத்தில் 'கர்ணத்தைப் போய்ப் பாரு' என்றார்கள். 1980இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்த பிறகு 'பழைய ரெக்கார்டெல்லாம் செல்லரிச்சுப் போச்சு' என்றார்கள். இப்போது 'சிஸ்டத்துல அப்படி ஒண்ணும் காட்டலியேப்பா' என்கிறார்கள். சொல்கிறவருக்கு முப்பது வயது இருக்கும். எதிரே நிற்கிற பெரியவருக்கு எழுபது. அந்த 'ப்பா' மட்டும் மாறவில்லை.

முதல் இரண்டு பதில்களையும் எதிர்த்துக் கேட்க முடிந்தது. கர்ணத்தோடு மல்லுக்கு நிற்கலாம். செல்லரித்த கட்டைக் காட்டு என்று உட்காரலாம். மூன்றாவது பதிலில் சண்டை போட ஆளே இல்லை. அதிகாரி திரையை நம் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறார். தன் கையில் ஒன்றும் இல்லை, கணினி சொல்கிறது என்கிறார். கணினிக்குச் சாதி கிடையாது என்று நம்மில் படித்தவர்களே சொல்கிறோம். அதனால் வாயடைத்துப் போய்த் திரும்பி வருகிறோம். அந்தத் திரைக்குள் எந்தக் காகிதம் போயிருக்கிறது, எந்தக் காகிதம் போகவில்லை என்று கேட்பதற்காகத்தான் இந்தத் தலையங்கம்.

நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை இன்று நேற்று தொடங்கியதல்ல. மத்திய அரசு 1988-89இலேயே அதற்கொரு திட்டம் போட்டது. 2008இல் தேசிய நிலப் பதிவேடுகள் நவீனமயமாக்கல் திட்டம் வந்தது. 2016இல் அதற்கு 'டிஜிட்டல் இந்தியா' என்ற முன்னொட்டு கிடைத்தது. தமிழ்நாட்டில் 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் ஏறியிருக்கின்றன. 66 அடிச் சங்கிலி பிடித்து அளந்து, கையால் வரைந்த புலப்படங்களைத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'கொலாப்லேண்ட்' மென்பொருளில் மறுபடி வரைந்து ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த கட்டம்தான் ஜிஐஎஸ் என்று சொல்லப்படும் புவியியல் தகவல் முறைமை.

பேரைக் கேட்டு மிரள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் டிரேசிங் தாள் வைத்துப் படம் வரைந்திருப்போம். அதேதான். ஒரு தாளில் புல எல்லைகள். அதன்மேல் இன்னொரு தாளில் ஏரி, வாய்க்கால். இன்னொன்றில் சாலை. ஒவ்வொரு புலமும் கோடு மூடிய ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு வரிசைத் தகவல்: புல எண், பரப்பு, பட்டாதாரர் பெயர், நன்செயா புன்செயா புறம்போக்கா என்ற வகை. செயற்கைக்கோள் படத்தின்மேல் இத்தனை தாள்களையும் பொருத்தி வைத்தால், விரலால் தொட்ட இடத்தின் சாதகம் வந்துவிடும். எத்தனை தாள் வேண்டுமானாலும் அடுக்கலாம். எதை அடுக்குவது, எதை அடுக்காமல் விடுவது என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

வங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லெட்ஜரிலிருந்து கணினிக்கு மாறியபோது ஒவ்வொரு கணக்கிலும் கடைசியாக நின்ற பாக்கியை எடுத்துக் கணினியில் தொடக்க இருப்பாகப் போட்டார்கள். அந்தப் பாக்கி எப்படி வந்தது, இருபது வருஷத்துக்கு முன்னால் யார் கட்டினார், யார் எடுத்தார் என்ற பக்கங்கள் கூடவே போகவில்லை. அவை மூட்டையாகக் கட்டி அறைக்குள் போயின. கணினியைப் பொறுத்தவரை அந்தத் தேதிக்கு முன்னால் வரலாறே கிடையாது.

நிலத்துக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டுக் கணினியில் தொடக்க இருப்பாக ஏறியது யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவு. 1979 முதல் 1987 வரை ஊர் ஊராக நடந்தது அது. யார் பெயரில் நிலம், யார் அனுபவத்தில் நிலம் என்று விசாரித்து எல்லாப் பதிவேடுகளையும் புதிதாக எழுதினார்கள். எங்கே உட்கார்ந்து விசாரித்தார்கள்? சேரியில் வந்து பாய் விரித்தா உட்கார்ந்தார்கள்? ஊர்த்தெருவில், அதிலும் பெரிய வீட்டுத் திண்ணையில். யாரைக் கேட்டு எழுதினார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. யு.டி.ஆரில் தவறாக ஏறிய பெயரைத் திருத்தச் சொல்லி மாவட்ட வருவாய் அலுவலர் முன்னால் இன்று வரைக்கும் மனுக்கள் குவிகின்றன. எல்லாச் சாதிக்காரர்களும் அந்தத் தவறுகளால் கஷ்டப்பட்டிருக்கிறார்கள், உண்மை. ஆனால் நம் விஷயத்தில் விடுபட்டது ஒரு பெயரோ ஓர் இனிஷியலோ அல்ல. ஒரு சட்ட நிபந்தனையே விடுபட்டது.

அது என்ன நிபந்தனை என்பதைப் புதிதாக இயக்கத்துக்கு வருகிற மாணவர்களுக்காக ஒருமுறை சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பண்ணையடிமைத்தனம், கடன், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை எல்லாவற்றையும் அதில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் பிறந்ததுதான் 1010ஆம் எண் அரசாணை. தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைக்க வழி செய்தது அது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, தானம் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகு கைமாறினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரிடம் மட்டுமே போகலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். ஆவணத்தில் டி.சி. நிலம். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டைத் திறந்தால் குறிப்புக் கட்டத்தில் இந்த நிபந்தனை இருக்கும். பட்டாதாரர் பெயரோடு சாதியையும் சேர்த்து எழுதியிருப்பான். நம் பாட்டனை அவன் பெயரால் மட்டும் அழைக்க மனம் வராமல் சாதியைச் சேர்த்தெழுதிய பதிவேடு. இன்றைக்கு அந்த ஒட்டுச்சொல்தான் நமக்குச் சாட்சி. யு.டி.ஆரில் புதிய அ-பதிவேடு எழுதியபோது, பல கிராமங்களில் புல எண்ணோ உட்பிரிவோ மாறியது. பாட்டன் பெயர் போய் அனுபவத்தில் இருந்த வேறு சாதிக்காரர் பெயர் ஏறியது. கடைசிக் கட்டத்தில் இருந்த குறிப்பு எழுதப்படாமலே போனது. அந்த வெற்றுக் கட்டம்தான் அப்படியே கணினியில் ஏறியிருக்கிறது. அதன்மேல்தான் இப்போது செயற்கைக்கோள் படத்தை ஒட்டுகிறார்கள்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது, காகிதத்திலும் இல்லை, கணினியிலும் இல்லை, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அவ்வளவுதான் இல்லை. காகிதக் காலத்தில் ஒரு நிலம் கைமாறி, பட்டா மாற வருஷக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் நம் ஆட்களுக்குச் சேதி வரும். மனு போடலாம், மறியல் செய்யலாம். இன்றைக்குப் பத்திரப்பதிவும் பட்டாவும் கணினியில் இணைந்துவிட்டன. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத கிரயம் என்றால், பத்திரம் பதிந்ததுமே தானாகப் பட்டா மாறிவிடும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனைக் கட்டம் காலியாக இருக்கும் ஒரு பஞ்சமி நிலமும் அதே வேகத்தில் மாறும். முதலில் ஊர்க்காரர், அவரிடமிருந்து மனை வியாபாரி, அவரிடமிருந்து கம்பெனி. நாலு கை மாறிய பிறகு 'நல்ல எண்ணத்தில் காசு கொடுத்து வாங்கினவங்க' என்ற வாதத்தோடு வக்கீல் வருவார். நிபந்தனையை மீறிய முதல் ஆள் அதற்குள் படத்திலேயே இருக்க மாட்டார்.

கணினியால் தடுக்க முடியாதா? தாராளமாக முடியும். கோயில் நிலம், வக்பு நிலம் என்றால் அந்தப் புல எண்ணைப் பதிவுத்துறைக் கணினியில் முடக்கி வைக்கிறார்கள். சார்பதிவாளர் விரும்பினாலும் பதிய முடியாது. இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் கோயில் நிலம் இருக்கிறது. 2021 முதல் அந்த நிலங்களை ரோவர் கருவி கொண்டு, சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கிறார்கள். பழைய பதிவேட்டையும் இன்றைய கணினிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். சாமி பெயரில் இருந்து எவன் பெயருக்குப் போனது என்று தேடிப் பிடிக்கிறார்கள். எல்லைக்கல் நட்டு அதில் துறையின் பெயரைப் பொறிக்கிறார்கள். அதை நாம் குறை சொல்லவில்லை. பொதுச் சொத்தைக் காப்பாற்றுவது அரசின் வேலை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. கல்லாக நிற்கிற சாமிக்குப் பழைய பதிவேடு கிடைக்கிறது. ரோவர் கிடைக்கிறது, ஆள் கிடைக்கிறது, எல்லைக்கல் கிடைக்கிறது. உயிரோடு இருக்கிற வாரிசுகளுக்கு மட்டும் செல்லரித்துப் போகிறதா? அதே துறை, அதே தாலுக்கா, அதே ஆவண அறை. கோயிலுக்குச் செய்தது முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. பஞ்சமிக்குச் செய்யாமலிருப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டும் வழி அதோடு அடைபட்டுவிட்டது. மிச்சமிருப்பது மனசுதான். அரசின் மனசு தானாக இளகாது என்பதை 1994 அக்டோபர் 10 நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள்.

பக்கத்து மாநிலங்களில் நடந்ததையும் பார்க்க வேண்டும். கர்நாடகம் நமக்கு முன்பே ஓடியது. 'பூமி' என்ற திட்டத்தில் 67 லட்சம் நில உடைமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகளை 2001க்குள் கணினியில் ஏற்றினார்கள். அப்போது 15 ரூபாய் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நகல் வாங்க முடிந்தது. உலக வங்கி முதற்கொண்டு புகழ்ந்தது. சாலமன் பெஞ்சமினும் உடன் பணியாற்றியவர்களும் பெங்களூரைச் சுற்றி ஆய்வு செய்து 2007இல் எழுதியது வேறு மாதிரி இருந்தது. லஞ்சம் ஒழியவில்லை, கிராமத்திலிருந்து தாலுக்காவுக்கு இடம் மாறிக் கூடவும் செய்தது. பெரிய அளவில் நிலம் வளைக்க வந்தவர்களுக்கு எந்த நிலம் யாரிடம் என்ற விவரம் உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்தது. எல்லாருக்கும் திறந்த கதவு என்றார்கள். வண்டி வைத்திருந்தவன்தான் முதலில் உள்ளே போனான்.

தெலுங்கானாவில் 2020 அக்டோபரில் 'தரணி' வந்தது. அதில் நிலத்தை உண்மையில் அனுபவித்துவரும் ஆளுக்கான கட்டம் விடப்பட்டது. உழுகிறவன் பெயர் எழுத இடமில்லை என்றால் உழுகிறவனே இல்லை என்றாகிவிடுகிறது. விவசாயிகளின் புகார் தேர்தல் பிரச்சினையாகவே வெடித்தது. கடைசியில் புதிய சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் 14இல், அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளில், 'பூ பாரதி' என்ற வேறொரு முறையைத் தொடங்கினார்கள். கணினியில் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் தெலுங்கானாவைக் காட்டலாம். மக்கள் விடாமல் கத்தினால் மென்பொருளும் மாறும்.

வயலோடு இந்தச் சிக்கல் முடியவில்லை. நம் சுடுகாட்டுக்குப் போகிற வழியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சேரிகளில் அது பதிவேட்டில் பாதையாக இருக்கிறது? மூன்று தலைமுறையாகப் பிணம் தூக்கிப் போகிற வழி, யாரோ ஒருவர் பட்டா நிலத்தின் வரப்பாக இருக்கும். மூடிய கட்டங்களாக மட்டுமே நிலத்தைப் பார்க்கிற கணினிப் படத்தில், பதிவில் இல்லாத நடைபாதைக்கு இடமில்லை. நாளைக்கு அவர் வேலி போடுவார். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு நாம் நிற்போம். தாசில்தார் வருவார், செல்போனைத் தொட்டுப் பார்ப்பார், 'எஃப்.எம்.பி.யில பாதை இல்லியே' என்பார். மறு அளவைக்கு ஆள் வரும்போதே இதைப் பதிய வைக்காவிட்டால், பிறகு கோர்ட் வாசலில்தான் நிற்க வேண்டும்.

நம் தோழர்களிடம் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. கணினி வந்தால் எல்லாம் வெளிப்படையாகிவிடும், கையூட்டு ஒழியும், சாதி தெரியாது என்பது ஒன்று. இதெல்லாம் கார்ப்பரேட் சதி, தொடவே கூடாது என்பது இன்னொன்று. இரண்டுக்குமே உழைப்பு தேவையில்லை என்பதால் இரண்டும் சுகமான பேச்சு. முதலாவது பேச்சு, நிரப்பப்படாத கட்டத்தைப் பார்க்க மறுக்கிறது. இரண்டாவது பேச்சு, அந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையை எதிரி கையில் விட்டுவிடுகிறது. படத்தில் ஏறினால் நிலம் கைக்கு வந்துவிடும் என்று நாமும் சொல்லவில்லை. நிலம் களத்தில்தான் வரும். ஆனால் களத்தில் நிற்கிறவன் கையில் புல எண் இருக்க வேண்டும். 'எங்க பாட்டன் நெலம்' என்று மட்டும் சொன்னால் ஆத்திரம் என்பார்கள். பழைய எண் இது, புதிய எண் இது, இன்றைக்கு இன்னார் பெயரில் இருக்கிறது, இதோ படம் என்று வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும். பஞ்சமி நிலங்களைத் தனித் தாளாகப் படத்தில் போட்டு வெளியிட்டால் புரோக்கர்களுக்கும் தெரிந்துவிடாதா? தோழர்களே, புரோக்கருக்கு ஏற்கெனவே தெரியும். அதனால்தான் விலை குறைத்துக் கேட்கிறான். தெரியாமல் இருப்பது வாரிசுகளுக்குத்தான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள். ஆளுக்கு ஓர் ஊர் எடுத்துக்கொண்டாலும் போதும். முதலில் அந்த ஊரின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் சான்றிட்ட நகல். மாவட்ட ஆவண அறை, சென்னை சேப்பாக்கத்தில் நில அளவைத் துறை, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று தேடுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 'கிடைக்கவில்லை' என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு உதவும். அடுத்தது பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியல். அடுத்தது இணையத்தில் இருக்கிற இன்றைய அ-பதிவேடும் புலப்படமும். மூன்றையும் வரிசையாக ஒரு நோட்டில் எழுதினாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

பிறகு ஊரிலுள்ள பெரியவர்களோடு நடந்து பாருங்கள். பாட்டிமார்களை விட்டுவிடாதீர்கள். எந்த வயலில் களை எடுத்தோம், எந்தக் கடனுக்கு எந்தக் காணி போனது என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாக நினைவிருக்கும். செல்போன் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் பிசகும். எல்லைச் சண்டைக்கு அது ஆகாது, இடத்தை அடையாளம் காட்டப் போதும். பொறியியல் படிக்கிற பிள்ளைகள் 'கியூஜிஐஎஸ்' என்ற மென்பொருளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பஞ்சமி என்ற தாளை அரசு அடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் பிரதியை நாமே வரைவோம். சேரியில் சுவரில் ஒட்டுவோம். மூலப் பிரதியை மட்டும் எந்த அதிகாரியிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள்:

1. 1892 அரசாணையின்படியும் பின்னர் அதே நிபந்தனைகளோடும் ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் அனைத்தையும், புல எண் வாரியாக, தமிழ்நாட்டின் புவியியல் தகவல் முறைமையில் தனி அடுக்காக வெளியிட வேண்டும். பழைய பதிவேட்டுப் பக்கங்களைத் தட்டச்சு செய்து போட்டால் போதாது, அசல் பக்கத்தின் படத்தையே போட வேண்டும்.

2. கோயில் நிலத்துக்குச் செய்வதுபோல் இந்தப் புல எண்களிலும் பிற சாதியாருக்கான பத்திரப்பதிவு, தானியங்கிப் பட்டா மாறுதல் இரண்டையும் கணினியிலேயே முடக்க வேண்டும்.

3. மறு அளவை நடக்கும்போது சேரிக்கு வந்து, கூட்டம் போட்டு, படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பறை கொட்டித் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி 2022இல் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்கு எழுதினார், அது சரி. அதற்குப் பதிலாக இணையதளத்தில் போட்டாயிற்று என்று கைகழுவுவது சரியில்லை.

4. சுடுகாடு, சுடுகாட்டுப் பாதை, நீர் எடுக்கும் வழி ஆகிய அனுபவ வழிகளைக் கிராம சபையில் வைத்து உறுதி செய்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் 100க்கு 20 பேர் நாம். படம் இன்னும் முழுதாக முடியவில்லை, வரைந்துகொண்டிருக்கிறார்கள். மறு அளவைக்காரன் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு வரும் நாளில், கையில் பழைய பதிவேட்டு நகலோடு சேரி முனையில் நாலு பேராவது நின்றாக வேண்டும். நகல் கிடைத்த ஊர்களின் விவரத்தை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து ஊர் ஊராக வெளியிடுவோம்.